பர்ன்அவுட்: வேலை களைப்பாக்கும்போது மனிதர்களும் ஏன் தூரமாகிறார்கள்?

நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடுகிற களைப்பு ஒன்று உண்டு. அது உடம்புக்கு இயல்பானது, அதை நினைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. விடுமுறை முழுக்க ஓய்வெடுத்தும் போகாமல், வேலையை நினைத்த மாத்திரத்தில் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிற களைப்பு வேறு. முன்பு ஆசையாகச் செய்த வேலை இப்போது கடனே என்று நகர்கிறது. யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது. அப்படி எரிந்து விழுந்ததை நினைத்து அப்புறம் மனம் உறுத்துகிறது. இந்த நிலையைத்தான் பர்ன்அவுட் என்கிறோம்.

இதோடு சேர்ந்தே இன்னோர் ஏக்கமும் பலருக்கு இருக்கிறது. நாள் முழுக்க யாரோடாவது பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். மீட்டிங், அழைப்பு, வாட்ஸ்அப் குழு என்று வாய்க்கும் விரலுக்கும் ஓய்வே இல்லை. அப்படியும் மனம் விட்டுப் பேச ஆள் இல்லை என்று தோன்றுகிறது. முதலில் இந்தக் களைப்பு தீரட்டும், மனிதர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது நம்மில் பலருடைய வழக்கம். அந்த வரிசையில்தான் கோளாறு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். காரணத்தைச் சொல்வதற்கு, பர்ன்அவுட் உண்மையில் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்கறை உள்ளவர்களுக்கு வரும் களைப்பு

ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஓர் இலவச சிகிச்சை மையத்தில் பணியாற்றிவந்தார். பகலில் தன் சொந்த கிளினிக், அது முடிந்ததும் இந்த மையம். போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களும், கையில் காசில்லாத இளைஞர்களும் வந்துபோகிற இடம் அது. அங்கே உதவ வந்த தன்னார்வலர்களிடம் அவர் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். மிகுந்த ஆர்வத்தோடு சேர்ந்தவர்கள் நாள் போகப்போகத் தளர்ந்தார்கள். சின்ன விஷயத்துக்கும் கோபப்பட்டார்கள். யாருக்காக வந்தார்களோ அவர்களையே சலிப்போடு பார்க்கத் தொடங்கினார்கள். ஃபிராய்டன்பெர்கரே அந்த நிலைக்கு ஆளானார். 1974ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் பர்ன்அவுட் உளவியலில் ஓர் ஆய்வுப் பொருளானது.

தொடங்கிய இடத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். இது சோம்பேறிகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. சம்பளம்கூட எதிர்பார்க்காமல் பிறருக்காக ஓடிவந்தவர்களிடம் முதலில் காணப்பட்டது. ‘எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை, நான் பலவீனமான ஆளா’ என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிற எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரு வேலையில் எந்த ஈடுபாடும் வைக்காத ஒருவரை அந்த வேலை இப்படித் தின்பதில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற சமூக உளவியலாளர், மருத்துவர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள் போன்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். நாள்தோறும் பிறருடைய துயரத்தை நேருக்கு நேர் பார்க்கிறவர்கள் தங்கள் உணர்ச்சிகளை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. 1981ல் அவரும் சூசன் ஜாக்சனும் சேர்ந்து பர்ன்அவுட்டை அளக்க ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். இன்றுவரை உலகெங்கும் ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது அதைத்தான்.

மாஸ்லாக்கின் கணக்குப்படி பர்ன்அவுட்டில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, உள்ளுக்குள் எதுவுமே மிச்சமில்லை என்கிற முழுச் சோர்வு. இதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அதனால் நான் நீட்டப்போவதில்லை. மூன்றாவது, ‘என்னால் உருப்படியாக ஒன்றும் ஆகவில்லை’ என்ற எண்ணம். செய்த வேலை கண்முன்னே இருந்தாலும் அது பெரிதாகத் தெரியாது.

நடுவில் இருக்கிற இரண்டாவதுதான் அதிகம் பேசப்படாதது. மனிதர்களிடமிருந்து விலகிப்போவது. நோயாளி ‘மூன்றாம் நம்பர் படுக்கை’ ஆகிவிடுகிறார். மாணவன் திருத்த வேண்டிய ஒரு விடைத்தாள் ஆகிவிடுகிறான். உதவி கேட்டு வரும் வாடிக்கையாளர் இன்னொரு தொல்லை. இப்படி நினைப்பவர் இரக்கமில்லாதவர் என்று வெளியே இருந்து பார்த்தால் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. எல்லார் வலியையும் வாங்கிக்கொண்டிருந்த மனம், இதற்கு மேல் தாங்காது என்ற கட்டத்தில் கதவைச் சாத்துகிறது. அது ஒரு தற்காப்பு. சில நாட்களுக்கு அது உதவவும் செய்யும்.

ஆனால் அந்தக் கதவு ஆள் பார்த்துச் சாத்திக்கொள்வதில்லை. அலுவலகத்தில் முகம் கொடுத்துப் பேசாதவர் வீட்டிலும் ‘ம்’, ‘சரி’ என்று முடித்துக்கொள்கிறார். நண்பரின் அழைப்பு வந்தால், ஃபோனைத் திருப்பி வைத்துவிட்டு அப்புறம் பேசலாம் என்று விடுகிறார். அந்த ‘அப்புறம்’ வாரக் கணக்கில் நீள்கிறது. பேசாமல் விட்டதற்கு விளக்கம் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் சேர்ந்துகொள்ள, இன்னும் தள்ளிப்போகிறது. பர்ன்அவுட்டில் இருப்பவருக்கு ஆதரவு மிகவும் தேவைப்படுகிற நேரத்தில், ஆதரவு தரக்கூடியவர்களை அவரே ஒவ்வொருவராகத் தூர நிறுத்திவிடுகிறார். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இது நோயா?

உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதம் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன்அவுட் இடம்பெற்றிருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பர்ன்அவுட் ஒரு நோய் என்று அதில் சொல்லப்படவில்லை. பணியிடத்தில் நீண்ட காலம் தொடர்ந்து, சரிவரக் கையாளப்படாத மன அழுத்தத்தின் விளைவு, தொழில் சார்ந்த ஒரு நிலை என்றுதான் விளக்கம் தந்திருக்கிறார்கள். வாழ்க்கையின் மற்றப் பகுதிகளில் வரும் களைப்புக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது.

இந்தக் கடைசிக் கட்டுப்பாடு எனக்குக் கொஞ்சம் நெருடலாகத்தான் இருக்கிறது. முதிய பெற்றோரை இரவும் பகலும் கவனித்துக்கொள்கிற மகளுக்கும், கைக்குழந்தையோடு தனியாக மல்லுக்கட்டுகிற தாய்க்கும் வருவது இதிலிருந்து பெரிதாக வேறுபட்டதா? பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாஜ்சாக் என்ற இரு ஆய்வாளர்கள் பெற்றோருக்கு வரும் பர்ன்அவுட்டைத் தனியாக ஆராய்ந்து, அதை அளக்கவும் ஒரு வழி உருவாக்கியிருக்கிறார்கள். அங்கேயும் அதே வரிசை தென்படுகிறது: முதலில் சோர்வு, பிறகு பிள்ளைகளிடமிருந்து மனதளவில் ஒரு விலகல். தேவையானதைச் செய்கிறார்கள், சாப்பாடு கொடுக்கிறார்கள், பள்ளிக்கு அனுப்புகிறார்கள்; அவ்வளவோடு சரி.

மனச்சோர்வு நோய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். பர்ன்அவுட் பொதுவாக வேலையை ஒட்டித் தொடங்கும். வேலையிலிருந்து தள்ளி நிற்கும்போது, ஆரம்ப காலத்திலாவது, கொஞ்சம் மூச்சு விட முடியும். மனச்சோர்வு நோய் வாழ்க்கை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பிடித்த பாட்டு, பிடித்த மனிதர், பிடித்த இடம் எதிலும் சுவை இருக்காது. இரண்டும் சேர்ந்தும் வரலாம், ஒன்று மற்றொன்றில் கொண்டுபோய் விடவும் கூடும். வாரக் கணக்கில் தூக்கமோ பசியோ கெட்டுப்போயிருந்தால், எதிலுமே விருப்பம் இல்லாமல் போயிருந்தால், நம்மையே நாம் பரிசோதித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. உயிர் வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தால்கூட, அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். தைராய்டு கோளாறு, ரத்தசோகை போன்றவையும் இதே மாதிரி களைப்பைத் தரும் என்பதால், உடம்பையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

வேலைப் பளு மட்டுமே காரணமா?

தலைக்கு மேல் வேலை, அதனால் பர்ன்அவுட். பொதுவான எண்ணம் இதுதான். ஆனால் மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டர் என்ற உளவியலாளரும் 1990களில், பர்ன்அவுட் தொடங்கக்கூடிய ஆறு இடங்களைச் சுட்டிக்காட்டினார்கள். வேலைப் பளு அவற்றில் ஒன்று மட்டுமே. மற்றவை: செய்யும் வேலையை நாமே தீர்மானிக்க எவ்வளவு இடம் இருக்கிறது, உழைப்புக்கு ஏற்ற பணமோ பாராட்டோ கிடைக்கிறதா, கூட வேலை செய்கிறவர்களோடு உறவு எப்படி, நியாயம் நடக்கிறதா, நம் மனசாட்சியும் வேலையும் ஒத்துப்போகின்றனவா. இவற்றில் எந்த இடத்தில் வேலையும் ஆளும் பொருந்தாமல் நெடுநாள் உரசிக்கொண்டிருக்கிறதோ, அங்கே சோர்வு பிறக்கும்.

இதைத் தெரிந்துகொள்வதால் ஒரு பயன் உண்டு. ஒருவர் வாரத்துக்கு அறுபது மணி நேரம் உழைத்தும் தெம்பாக இருப்பார். அவரை நம்பி விட்டிருக்கிறார்கள், கூட இருப்பவர்கள் தோள்கொடுக்கிறார்கள். இன்னொருவர் முப்பத்தைந்து மணி நேரத்திலேயே நொறுங்கிப்போவார். அவர் செய்த வேலைக்கு வேறொருவர் பெயர் வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டாமவரிடம் ‘நேரத்தைச் சரியாகத் திட்டமிடு’ என்று அறிவுரை சொல்வதில் என்ன பயன்? அவருக்கு வலிப்பது நேரத்தில் இல்லையே.

நீண்ட விடுமுறை எடுத்தும் ஏன் சரியாகவில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் என்ற ஆய்வாளர்கள் 1997ல் வெளியிட்ட ஆய்வில், அலுவலக ஊழியர்களின் பர்ன்அவுட் விடுமுறையின்போது குறைந்தது. வேலைக்குத் திரும்பி மூன்று வாரத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டது. விடுமுறை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் திரும்பிப் போகிற இடம் மாறாமல் அப்படியே இருந்தால், விடுமுறை தந்த நிம்மதி அங்கே அதிக நாள் தங்காது.

அவசரம் எதைப் பறிக்கிறது

வேகமான வாழ்க்கை மனிதர்களைப் பிரிக்கிறது என்று எல்லாரும் சொல்கிறோம். அது எப்படி நடக்கிறது என்று காட்டிய ஒரு சோதனை எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். 1973ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரியார் பயிற்சி பெறும் இறையியல் மாணவர்கள் நாற்பது பேரை வைத்து அதைச் செய்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் கதை. சிலரிடம் ‘தாமதமாகிவிட்டது, சீக்கிரம் போங்கள்’ என்றார்கள். சிலரிடம் நேரம் இருக்கிறது என்றார்கள். போகிற வழியில், ஒரு வாசலருகே ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருப்பார். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள் அவர்.

நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் உதவினார்கள். மிகவும் அவசரத்தில் இருந்தவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம்தான். நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போகிறவர் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. அவசரத்தில் சிலர் அந்த மனிதரைத் தாண்டிக் கால் வைத்தே போனார்கள். நாற்பது பேர் மட்டுமே கலந்துகொண்ட சிறிய சோதனை என்பதால் எண்களை அப்படியே எல்லாருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அன்றாட வாழ்வில் நாம் காண்பதற்கு இது வெகு அருகில் இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிறருக்குத் தொண்டு செய்வதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள். அவசரம் அவர்களுடைய கண்ணிலிருந்து இன்னொரு மனிதரை மறைத்துவிட்டது.

நம் வீட்டில் நடப்பதும் இதுதான். பிள்ளை எதையோ காட்ட வந்து நிற்கிறது. நம் கண் லேப்டாப் திரையில் இருக்கிறது. துணைவர் குரலில் ஒரு தயக்கம் இருக்கிறது. அடுத்த அழைப்புக்கு இரண்டு நிமிடம்தான் பாக்கி. அன்பு குறைந்துவிட்டது என்று இருவருமே நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் குறைந்திருப்பது நிதானம். ஆற அமர ஒருவரைப் பார்க்கிற நேரம் பறிபோனால், உறவில் இருக்கிற எல்லாமே நாளடைவில் வெறும் ஏற்பாடாகிவிடும்: யார் எங்கே போக வேண்டும், எதை யார் வாங்க வேண்டும், பில் கட்டியாச்சா. ஒரு குடும்பம் இதை மட்டுமே பேசிக்கொண்டு வருடக் கணக்கில் ஓடிவிட முடியும்.

தனிமை செய்கிற தந்திரம்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தனிமையை ஆராய்ந்த ஜான் கசியோப்போ, தனிமை உணர்வைப் பசி, தாகம் போன்ற ஓர் அறிவிப்பு என்று விளக்கினார். உடம்புக்கு உணவு தேவை என்று பசி சொல்வதைப்போல, உனக்கு மனிதர்கள் தேவை என்று இது சொல்கிறது. எனவே தனிமையாக உணர்வது வெட்கப்பட வேண்டிய குறை ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் இருக்கிற ஏற்பாடு அது.

சிக்கல், அந்த அறிவிப்பு நீண்ட காலம் கவனிக்கப்படாமல் கிடக்கும்போது வருகிறது. தனிமை நீடித்தால் மனம் பிறரிடம் எச்சரிக்கையாகிவிடுகிறது என்று கசியோப்போ காட்டினார். யாராவது முகத்தைச் சுளித்தால் நம்மைப் பார்த்துத்தான் என்று தோன்றும். பதில் வரத் தாமதமானால் நம்மைத் தவிர்க்கிறார்கள் என்று தோன்றும். அடிபடாமல் இருக்க நாம் ஒதுங்குவோம். ஒதுங்குகிற ஆளை மற்றவர்களும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். இதோடு பர்ன்அவுட் கொண்டுவரும் விலகலைச் சேர்த்துப் பாருங்கள். சோர்வு ஒதுங்கச் சொல்கிறது, ஒதுங்கியதால் தனிமை, தனிமையால் மனிதர்கள் மேல் நம்பிக்கைக் குறைவு, அதனால் மேலும் சோர்வு. முதலில் களைப்பு தீரட்டும், அப்புறம் மனிதர்களைப் பார்க்கலாம் என்பது இதனால்தான் நடக்காமல் போகிறது. அந்த ‘அப்புறம்’ வருவதற்கே மனிதர்கள் தேவைப்படுகிறார்கள்.

இதில் உடம்பின் ஆரோக்கியமும் அடங்கியிருக்கிறது. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய குழுவினரும் 2010ல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அவற்றில் இருந்தன. வலுவான சமூக உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலம் முழுவதும் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, அவை இல்லாதவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. பிரிட்டன் 2018லும் ஜப்பான் 2021லும் தனிமைப் பிரச்சினையைக் கவனிக்க ஓர் அமைச்சருக்குப் பொறுப்புக் கொடுத்தன. மனசு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று இனியும் ஒதுக்கிவிட முடியாது.

நெருக்கம் என்று எதைச் சொல்கிறோம்

ஆயிரம் தொடர்புகள் ஃபோனில் இருக்கின்றன, பேச ஆள் இல்லை என்கிறோம். அப்படியானால் அந்த ஆயிரத்தில் எது குறைகிறது? ஹாரி ரீஸ், பிலிப் ஷேவர் என்ற உளவியலாளர்கள் 1988ல் நெருக்கத்துக்குத் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் தன்னைப் பற்றி ஏதோ ஒன்றைத் திறந்து காட்டுகிறார். எதிரே இருப்பவர் அதற்கு ஏதோ ஒரு விதத்தில் பதில் தருகிறார். அந்தப் பதிலில், ‘இவர் என்னைப் புரிந்துகொண்டார், என் உணர்வு நியாயமானது என்று ஒப்புக்கொண்டார், என் மேல் அக்கறை வைத்திருக்கிறார்’ என்ற மூன்றும் முதலாமவருக்குக் கிடைத்தால் நெருக்கம் பிறக்கிறது.

இதில் மணிக் கணக்கான பேச்சோ ஆழமான தத்துவமோ கட்டாயமில்லை என்பதைப் பாருங்கள். ‘இன்றைக்கு மீட்டிங்கில் எனக்கு ரொம்ப அவமானமாகிவிட்டது’ என்று ஒருவர் சொல்கிறார். ‘அட விடு, இதெல்லாம் சகஜம்’ என்று வரும் பதில் நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான், ஆனால் அங்கே பேச்சு முடிந்துவிடும். ‘என்ன ஆச்சு? எல்லார் முன்னாடியுமா?’ என்று ஒரு கேள்வி வந்தால் அவர் மேற்கொண்டு சொல்வார். வித்தியாசம் பத்து வினாடிதான். ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் சக ஆய்வாளர்களும் 2017ல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியதே: உரையாடலில் கேள்வி கேட்பவர்களை, குறிப்பாக முன்பு சொன்னதைத் தொட்டு அடுத்த கேள்வி கேட்பவர்களை, எதிரே இருப்பவர்களுக்கு அதிகம் பிடித்துப்போகிறது.

துக்கத்தில் பங்கெடுப்பதைத்தான் நெருக்கத்தின் அடையாளமாக நினைக்கிறோம். நல்ல செய்தியை எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் 2004ல் சக ஆய்வாளர்களோடு எழுதிய ஆய்வில், ஒருவருடைய நல்ல செய்திக்கு ஆர்வத்தோடு கேட்டு மகிழ்கிற துணை இருந்தால், அந்த உறவில் நிறைவு அதிகம் என்று தெரியவந்தது. ‘நல்லது’ என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வது அதில் சேராது. களைத்துப்போனவருக்கு, பிறர் துயரத்தைக் கேட்பதற்குத் தெம்பு இருக்காது. ஆனால் நல்ல செய்தி ஒன்றை இரண்டு நிமிடம் முழுதாகக் கேட்க முடியும். தொடங்குவதற்கு இது எளிதான இடம் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம், நேரம். புதிய நட்புக்கு நேரம் ஆகும் என்பதை மறந்துவிட்டு, நமக்கு யாரும் அமையவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018ல் வெளியிட்ட கணக்கில், தெரிந்தவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம், நண்பராவதற்கு 90 மணி நேரம், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. வேலைக்காகச் சேர்ந்திருந்த நேரம் இதில் அவ்வளவாக உதவவில்லை. கூடி அரட்டை அடித்ததும், சும்மா இருந்ததும், விளையாடியதும்தான் கணக்கில் வந்தன. நாள்தோறும் எட்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்க முடிவது இதனால்தான்.

நெருங்கியவர்கள் எண்ணிக்கையில் நிறைய வேண்டும் என்பதும் இல்லை. ராபின் டன்பார் என்ற மானுடவியலாளர், ஒருவரால் பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 என்றும், அதில் மிக நெருக்கமான உள்வட்டம் ஐந்து பேர்தான் என்றும் சொல்கிறார். ஐந்து பேர் சரியாக அமைந்தாலே பெரிய பேறு. அதே நேரத்தில், வெளிவட்டத்தையும் அலட்சியப்படுத்த வேண்டாம். ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் எலிசபெத் டன்னும் 2014ல் வெளியிட்ட ஆய்வில், அவ்வளவாகப் பழக்கமில்லாத சக மாணவர்களோடு வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிய நாட்களில் மாணவர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள். வாசலில் நிற்கிற காவலாளியிடம் பெயர் சொல்லி நலம் கேட்பதும், தினமும் ஒரே பேருந்தில் வருகிறவரைப் பார்த்துச் சிரிப்பதும் வெறும் மரியாதையோடு நின்றுவிடுவதில்லை.

வேலைக்குள்ளேயே இருக்கிற மனிதர்

ஆடம் கிராண்ட் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2007ல் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முன்னாள் மாணவர்களுக்கு ஃபோன் செய்து நன்கொடை கேட்கிற ஊழியர்கள். பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்ற பதிலையே நாள் முழுக்கக் கேட்கிற, சலிப்பூட்டும் வேலை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, அந்த நன்கொடையால் படிக்கிற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்திக்க வாய்ப்பு தரப்பட்டது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் ஃபோனில் செலவிட்ட நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது. சம்பளம் மாறவில்லை, மேலாளர் மாறவில்லை. மாணவரின் கடிதத்தை மட்டும் படித்தவர்களிடம் இந்த மாற்றம் வரவில்லை.

உழைப்பின் மறுமுனையில் ஒரு முகம் தெரிந்தால் மனம் வேறு மாதிரி வேலை செய்கிறது. இன்றைய பணிகள் பலவற்றில் அந்த முகம்தான் காணாமல்போயிருக்கிறது. டிக்கெட் எண், டேஷ்போர்டு, காலாண்டு இலக்கு என்று எல்லாம் எண்களாகத்தான் வருகின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்த ஆய்வைக் கேட்டதும் சில நிர்வாகங்கள், ‘ஊழியர்களுக்கு ஒரு நெகிழ்ச்சியான வீடியோ போட்டுக்காட்டினால் போதும்’ என்று நினைக்கக்கூடும். ஆளில்லாமல் இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்துகொண்டிருந்தால், அவருக்கு வேண்டியது இன்னோர் ஆள். அக்கறையைத் தூண்டிவிட்டு அதையே உறிஞ்சுவது, ஃபிராய்டன்பெர்கர் பார்த்த அந்தத் தன்னார்வலர்களுக்கு நேர்ந்ததைத்தான் மறுபடி செய்யும்.

எங்கிருந்து தொடங்கலாம்

மேலே சொன்ன ஆறு இடங்களில் எது உங்களுக்கு வலிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் மேலாளரிடம் பேசுவதற்கும் ஒரு பிடி கிடைக்கும். ‘எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது’ என்பதைவிட, ‘இந்த இரண்டு வேலையில் எதை முதலில் முடிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், இரண்டும் ஒரே நாளில் முடியாது’ என்பதற்குப் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். எல்லா இடத்திலும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சில இடங்கள் மாறாது. அங்கிருந்து வெளியேறும் வழியை மெதுவாகத் தேடுவதும் ஒரு நேர்மையான முடிவு.

வேலை முடிந்ததும் மனமும் வேலையை விட்டு இறங்க வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் சபீன் சோனன்டாக் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். உடம்பு வீட்டிலும் மனம் அலுவலக மெயிலிலும் இருந்தால் ஓய்வு ஓய்வாகாது என்பதே அவருடைய ஆய்வுகளின் சாரம். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு மெயில் அறிவிப்புகளை நிறுத்துவது சின்ன வேலைதான். ஆனால் அந்த நேரத்துக்கு ஏதாவது ஒன்றைக் கொடுக்காவிட்டால் கை மறுபடி ஃபோனைத் தேடும். நடக்கலாம், எதையாவது புதிதாகக் கற்றுக்கொள்ளலாம், வீட்டில் யாருடனாவது சேர்ந்து காய் நறுக்கலாம்.

மனிதர்களிடம் திரும்பிப் போவதற்கு, ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள். நெடுநாளாகப் பேசாத நண்பராக இருந்தால் கூச்சமாக இருக்கும். பெக்கி லியூவும் குழுவினரும் 2022ல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கூச்சத்துக்கு நல்ல பதில்: திடீரென்று நலம் விசாரித்து வரும் செய்தியை, அனுப்புகிறவர் நினைப்பதைவிடப் பெறுகிறவர் அதிகமாக மதிக்கிறார். எதிர்பாராமல் வந்தது என்பதே அந்த மகிழ்ச்சியில் பெரும்பங்கு. இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று நீண்ட விளக்கம் எழுத வேண்டியதில்லை. ‘கொஞ்ச நாளாகக் களைத்துப்போயிருக்கிறேன், யாரிடமும் பேசவில்லை. உன் ஞாபகம் வந்தது’ என்று எழுதினால் போதும். உண்மையான ஒரு வரி அதில் இருக்கிறது. ரீஸும் ஷேவரும் சொன்ன நெருக்கம் அப்படி ஒரு வரியில்தான் தொடங்குகிறது.

பர்ன்அவுட்டில் இருப்பவர் நீங்கள் இல்லை, உங்களுக்கு நெருக்கமான ஒருவர் என்றால், அவர் பதில் தராததை உங்கள் மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘எதற்காவது உதவி வேண்டுமென்றால் சொல்’ என்று கேட்டால், என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்கிற பாரமும் அவர் தலையில்தான் விழும். அதற்குப் பதிலாக, ‘சனிக்கிழமை மாலை அந்தப் பக்கம் வருகிறேன், அரை மணி நேரம் நடந்துவிட்டு வரலாமா? முடியாவிட்டால் பரவாயில்லை’ என்று கேளுங்கள். முடியாது என்று வந்தால், அடுத்த வாரமும் அதே மாதிரி, குறைப்பட்டுக்கொள்ளாமல் ஒரு முறை கேளுங்கள். வந்தால் அவர் பேசாமலே பக்கத்தில் நடந்தாலும் சரி. பேசத் தொடங்கினால், தீர்வு சொல்ல அவசரப்படாமல், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள்.